எக்காள வித்துவான் லீ மோர்கன்

மேனாட்டு வாத்தியங்களுள் நம் செவிக்கு அதிகம் பழகாதிருந்தும் நம் நாவுக்கு நன்கு பழகியது எக்காளம். எரிகோவின் மதில் இடிந்து விழுந்த வரலாற்றிலும், நூற்றைம்பதாம் சங்கீதத்திலும், உயிர்த்தெழுதலைப் பற்றிய பவுலப்போஸ்தலரின் நிருபத்திலும் அதன் பெயரைச் சிறு பிராய முதல் வாசித்து வந்திருக்கின்றோம். அவ்வெக்காளத்தின் இக்காலத்து உறவாகிய டிரம்பெட் என்பது, வால்வு எனப்படும் மூன்று அடைப்புக்களை விரலால் அழுத்தி ஊதும் பித்தளை வாத்தியம். விரல்களுக்கு அதில் வேலை சிறிதே. உதடும் மூச்சுமே பெரும்பாலும் சுரத்தைப் பிறப்பிக்கின்றன. ஆதலின் ஊதுவோனுடைய தேகநிலையும் மனநிலையும் அவ்வாத்தியத்தில் ஒளியாமல் வெளிப்பட்டுவிடும் என்பர்.

அமெரிக்க நாட்டில் அவ்வாத்தியத்தைப் பதின்மூன்றாம் பிராயத்தில் கையிலெடுத்து, முப்பத்துமூன்றாம் பிராயத்தில் உயிர் துறந்த லீ மோர்கன் என்பாருடைய ஜீவியத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றேன். அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் அவர் சுடப்பட்ட இரவினின்றே கதையைத் தொடங்குகின்றனர். துப்பாக்கியின் ஓசை எக்காளத்தின் ஓசையினும் விரைவாக ஊருக்குள் பரவும் போலும். அவர் இறப்பதற்கு ஐந்து மாதம் முன்னர்ப் பதிவான கடைசி இசைத்தட்டே அவரை அறிதற்குத் தக்க வாயில் என்பது என் துணிபு. ஆயினும் அவர் எவ்விடத்தினின்று புறப்பட்டு அவ்விடம் வந்து சேர்ந்தார் என்பதை அறிந்தாலன்றி அத்தட்டின் அருமை புலனாகாது.

எட்வர்ட் லீ மோர்கன் 1938ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆந் தேதி பிலடெல்பியா நகரில் நீக்ரோ வகுப்பார் என அந்நாளில் வழங்கப்பட்ட கருநிற மக்களின் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். அவருக்கு முதன்முதலாக டிரம்பெட் வாங்கித் தந்தவர் அவருடைய தமக்கையார் எர்னஸ்டீன். அப்போது சிறுவனுக்கு வயது பதின்மூன்று. பிலடெல்பியா அக்காலத்தில் ஜாஸ் சங்கீதத்தின் விளைநிலங்களுள் ஒன்றாயிருந்தது. பென்னி கோல்சன், பாபி டிம்மன்ஸ், ஜிம்மி மெரிட், ரெஜி வொர்க்மன் முதலாயினோர் அந்நகரத்துப் பிள்ளைகளே. இவர்களுட் சிலர் இச்சரித்திரத்தின் இறுதியிலும் நம்மைச் சந்திப்பர். அந்நகரிற் பலகாலம் வந்து வாசித்த கிளிபர்ட் பிரவுன் என்னும் இளைஞர் மோர்கனுக்குக் குருவாய் வாய்த்தார். தூய நடத்தையும் தெளிந்த நாதமும் ஒருங்கே பெற்ற பிரவுன், 1956ஆம் ஆண்டு ஜூன் மாதம் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் மழையிரவொன்றில் நேர்ந்த மோட்டார் விபத்தில் இருபத்தைந்தாம் வயதில் இறந்துபட்டார். அவர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பவல்லார் யார் என்று ஜாஸ் உலகம் ஏங்கிய அவ்வாண்டிலேயே அவருடைய மாணாக்கர் அரங்கேறினார்.

1956இல் டிஸ்ஸி கில்லெஸ்பி என்னும் பெரும் புகழ்பெற்ற எக்காளக்காரர் தம் பெரிய வாத்தியக் கோஷ்டியிற் பதினெட்டு வயது மோர்கனைச் சேர்த்துக்கொண்டார். தாம் இயற்றி உலகறியச் செய்த டூனிசியா நாட்டு இரவைப் பற்றிய உருப்படியில், தாம் ஊதவேண்டிய தனிப்பகுதியையே அப்பையனுக்கு விட்டுக்கொடுத்தார் கில்லெஸ்பி. குரு தம் ஆசனத்திலே சிஷ்யனை அமர்த்துவது எந்நாட்டிலும் அரிது. அதே ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரத்து புளூ நோட் கம்பெனியார் மோர்கன் பெயராலேயே தட்டுக்கள் வெளியிடத் தொடங்கினர். பெர்லினிலிருந்து வந்த ஆல்பிரட் லயன் என்பவர் 1939இல் நிறுவிய கம்பெனி அது. அவருடைய நண்பர் பிரான்சிஸ் வுல்பும் ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி அங்கு வந்து சேர்ந்தார். தம் நாட்டில் இனத்தின் பெயரால் இகழப்பட்ட யூதர் இருவர், வேறொரு நாட்டில் இனத்தின் பெயரால் இகழப்பட்டோருடைய சங்கீதத்தைப் பேணினர் என்பது சிந்திக்கத்தக்கது.

1957ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜான் கோல்ட்ரேன் தம் புகழ்பெற்ற புளூ டிரெயின் என்னும் தட்டைப் பதிவு செய்தபோது மோர்கனும் உடனிருந்து ஊதினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அதாவது நம்முட் பலர் கல்லூரித் தேர்வைக் குறித்து அஞ்சி நிற்கும் வயது. அத்தட்டில் அவர் வாசிப்பிற் காணப்படும் துணிவை நான் எத்தனை முறை கேட்டாலும் வியப்பு அடங்குவதில்லை.

இவ்விடத்தில் ஹார்ட் பாப் என்னும் சொல்லைச் சிறிது விளக்கவேண்டும். 1940க்குப் பின் கில்லெஸ்பியும் சார்லி பார்க்கரும் வகுத்த பீபாப் என்னும் விரைநடைச் சங்கீதம் அறிவுக்கு விருந்தாயினும் பொதுமக்கள் ஆடிப்பாடுதற்கு எளிதாயிருக்கவில்லை. அடுத்த தலைமுறையார் அந்நுட்பத்தைக் கைவிடாமலே, கருநிற மக்களின் தேவாலயப் பாட்டிலும் புளூஸ் என்னும் துயர்ப்பாட்டிலும் உள்ள உணர்ச்சியை அதனுட் புகுத்தினர். அதுவே ஹார்ட் பாப். 1958இல் மோர்கன் சேர்ந்த ஜாஸ் மெசெஞ்சர்ஸ் கோஷ்டி அம்முறைக்குத் தலைமைப் பள்ளி. முரசு வாசிக்கும் ஆர்ட் பிளேக்கி அதன் ஆசான். அவ்வாண்டு அக்டோபர் மாதம் 30ஆந் தேதி அவர்கள் பதிவு செய்த மோனின் என்னும் உருப்படியிற் பியானோ ஒரு சிற்றடியை வினாப்போல் இசைக்க, மற்றை வாத்தியங்கள் சபையார் ஆமென் கூறுமாறுபோல விடையிறுக்கின்றன. பாபி டிம்மன்ஸ் இயற்றிய அவ்வுருப்படியில் முதற்கண் எழும் எக்காளத் தனிவாசிப்பு மோர்கனுடையது. சொற்சிக்கனமுள்ள பிரசங்கியார் ஒருவர் பீடத்தில் ஏறினாற்போன்றது அது.

புகழ் இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்கையில் ஹெராயின் என்னும் அபினிச்சத்து அவரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்து ஜாஸ் வித்துவான்கள் பலரை அது தின்றது. 1961இல் அவர் மெசெஞ்சர்ஸ் கோஷ்டியை விட்டுப் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். ஏறக்குறைய இரண்டாண்டு உலகம் அவரை மறந்தது.

மீண்டு வந்தவர் 1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21ஆந் தேதி சைட்விண்டர் என்னும் தட்டைப் பதிவு செய்தார். அதில் உள்ள ஐந்து உருப்படிகளும் அவரே இயற்றியவை. முதல் உருப்படி இருபத்துநான்கு அளவுகள் கொண்ட புளூஸ். காலைத் தாளமிடச் செய்யும் நடை. அதன்மேற் சிரித்துக்கொண்டே நழுவும் எக்காளம். ஜாஸ் தட்டு எதுவும் எளிதிற் காணாத விற்பனையை அது கண்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 25ஆம் இடம் வரையில் ஏறிற்று. கிரைஸ்லர் மோட்டார் கம்பெனியார் டெலிவிஷன் விளம்பரத்திற்கும் அதனை எடுத்தாண்டனர். இயற்றியவரைக் கேட்காமலே அங்ஙனம் செய்தனராதலின், மோர்கன் தம் சங்கீதம் மோட்டார் வண்டிக்குக் கட்டியங்கூறுவதைக் கேட்டுத் திகைத்தார்.

அப்பெருவெற்றி அவருக்கு நன்மையோ தீமையோ என்று ஐயுறுதற்கு இடமுண்டு. கம்பெனியார்க்கு அன்று முதல் அதுபோன்ற இன்னொன்றே வேண்டியிருந்தது. பின்வந்த தட்டுக்கள் பலவற்றின் முகப்பில் அதே நடையிலமைந்த உருப்படி ஒன்று நிற்பதைக் காணலாம். ஆனால் 1964ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலேயே, புதிய தேசத்தைத் தேடுதல் எனப் பொருள்படும் வேறொரு தட்டை மோர்கன் பதிவு செய்துவிட்டார். கம்பெனியார் அதனை இரண்டாண்டு பெட்டியில் வைத்திருந்து 1966இலேயே வெளியிட்டனர். அதன் முதல் உருப்படி பதினைந்து நிமிஷத்திற்கு மேல் நீள்வது. மோடல் என்னும் முறையைத் தழுவியது. அம்முறையைத் தமிழர்க்கு விளக்குதல் கடினமன்று. ஹார்ட் பாப் முறையில் அடிநிற்கும் சுரக்கூட்டுக்கள் அளவுக்கு அளவு மாறிக்கொண்டேயிருக்க, வாசிப்பவர் அவற்றைத் துரத்தி ஓடவேண்டும். மோடல் முறையிலோ சுரவரிசை ஒன்றை நெடுநேரம் நிலைக்க வைத்து, நம் வித்துவான்கள் ஓர் இராகத்தை ஆலாபனை செய்யுமாப்போல, அதனுள்ளேயே தங்கிக் கற்பனை செய்வர். 1959இல் மைல்ஸ் டேவிஸ் இதனை நாடறியச் செய்தார். விற்பனைக்கு ஒரு முகமும் தேடலுக்கு ஒரு முகமுமாக மோர்கன் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்று கூறலாம்.

அபினிச்சத்தும் அவரை விட்டபாடில்லை. ஒருகால் மயக்கத்தில் வெப்பக்குழாயருகே தலைசாய்த்து உறங்க, தலையின் ஒரு பக்கம் வெந்துபோயிற்று. அத்தழும்பை முடியால் மறைத்துச் சீவிக்கொள்வார். அழகிய உடை உடுப்பதிற் பெருவிருப்பமுடைய அவர், உடையையும் வாத்தியத்தையும் அடகுக்கடைக்குக் கொடுத்துவிட்டு நியூயார்க் தெருக்களில் திரிந்த நாட்களும் உண்டு.

அந்நிலையில் 1967ஆம் ஆண்டளவில் ஹெலன் என்னும் அம்மையாரைச் சந்தித்தார். ஹெலன் 1926இல் வட கரோலினா நாட்டுப்புறத்திற் பிறந்தவர். மோர்கனினும் பன்னிரண்டு வயது மூத்தவர். பதின்மூன்றாம் வயதிலேயே தாயாகி, இளமையிலே விதவையாகி, பிழைப்பு நாடி நியூயார்க் வந்தவர். அவருடைய சிறு வீடு, ஆட்டம் முடிந்து நள்ளிரவிற் பசியோடு வரும் வாத்தியக்காரர்க்கு அன்னசத்திரம் போல் இருந்தது. குளிர்காலத்து இரவொன்றில் மேற்சட்டையின்றி நடுங்கி வந்த மோர்கனை நோக்கி, சட்டை எங்கே என அவர் வினவ, அடகில் உள்ளது என விடை வந்தது. பணத்தைக் கையிற் கொடுத்தால் அது எவ்வழி போகும் என்பதை அறிந்தவராதலின், ஹெலன் தாமே அச்சட்டையை மீட்டுத் தந்தார். அன்று முதல் அவரைத் தம் வீட்டில் வைத்து உணவளித்து, மருத்துவத்துக்கு இட்டுச்சென்று, கச்சேரிகளுக்கு ஒப்பந்தம் பேசி, உரிய நேரத்தில் மேடையேற்றி மனிதராக்கினார். முறைப்படி விவாகம் நடந்ததில்லையாயினும் ஹெலன் மோர்கன் என்றே அவரை உலகம் அழைத்தது. ஒரு தாய் செய்யத்தக்கதையும் ஒரு மனைவி செய்யத்தக்கதையும் ஒருவரே செய்தார். இரண்டும் ஒரிடத்திற் கலப்பது அவ்விருவர்க்கும் எவ்வளவு பாரமாயிருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாமேயன்றி அளக்கவியலாது.

1970ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆந் தேதி, தம் முப்பத்திரண்டாம் பிறந்தநாளன்று, கலிபோர்னியாக் கடற்கரையில் ஹெர்மோசா பீச் என்னும் ஊரில் உள்ள லைட்ஹவுஸ் விடுதியில் மோர்கன் தம் கோஷ்டியோடு மேடையேறினார். மூன்று இரவுகள் பதிவு செய்ததை இரட்டைத்தட்டாக வெளியிட்டபோது, பக்கம் ஒன்றுக்கு ஓர் உருப்படியாக நான்கே உருப்படிகள் இருந்தன. மூச்சு மீண்டுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அவ்வாண்டிலேயே, கருநிற வித்துவான்களுக்கு டெலிவிஷன் நிலையங்கள் இடந்தராமையைக் கண்டித்து ரோலண்ட் கர்க் என்னும் கண்பார்வையற்ற சாக்ஸபோன்காரரும் மோர்கனும் பிறரும் கூடி இயக்கம் ஒன்று நடத்தினர். நிகழ்ச்சிப் பதிவுகளிற் பார்வையாளர் போல் அமர்ந்திருந்து, குறித்த நேரத்திற் சீழ்க்கையும் குழலும் ஊதி நிறுத்துவது அவர்கள் கையாண்ட முறை. ஒரு காலத்திற் சொந்த வாத்தியத்தைக் காக்கமாட்டாதவர், தம் வகுப்பார் அனைவருடைய வாத்தியத்துக்கும் வாதாடியதை நான் பெரிதாக மதிக்கின்றேன்.

இனிக் கடைசித் தட்டைக் காண்போம். 1971ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17, 18ஆந் தேதிகளில் நியூஜெர்சி மாகாணத்து எங்கிள்வுட் கிளிப்ஸ் ஊரில், ரூடி வான் கெல்டர் என்பாருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவாயிற்று. கண்ணாடி வைத்தியராயிருந்து ஒலிப்பதிவு வல்லுநரான வான் கெல்டர் கட்டுவித்த அக்கூடம், உயர்ந்த மரக்கூரையுடன் சிற்றாலயம் போன்ற தோற்றமுடையது. லயன் 1967இலேயே கம்பெனியை விட்டு ஓய்ந்தார். வுல்ப் 1971 மார்ச்சில் இறந்தார். பழைய புளூ நோட்டில் எஞ்சியிருந்தது அக்கூடமும் அதனுள் நின்ற மோர்கனுமே என்று சொல்லத் தோன்றுகிறது.

உடன் வாசித்தோர், டெனர் சாக்ஸபோனில் பில்லி ஹார்ப்பர். டிராம்போனில் கிரேஷன் மன்கர். புல்லாங்குழலில் பாபி ஹம்ப்ரி என்னும் இருபத்தொரு வயதுப் பெண். பியானோவிலும் மின்சாரப் பியானோவிலும் ஹரால்ட் மேபர்ன். முரசில் பிரெட்டி வெய்ட்ஸ். பாஸ் வாத்தியத்துக்கு வொர்க்மன், மெரிட் என்னும் பிலடெல்பியாக்காரர் இருவர். முன்னாளில் பிளேக்கியின் பள்ளியிற் பயின்றவர்களும் இவர்களே. தட்டில் ஐந்து உருப்படிகள் உள்ளன. சைட்விண்டரிலும் உருப்படிகள் ஐந்தே. அவ்வைந்தும் மோர்கன் இயற்றியவை என்று கண்டோம். இவ்வைந்தில் ஒன்றேனும் அவர் இயற்றியதன்று. இரண்டு ஹார்ப்பருடையவை, மற்றை மூன்றும் முறையே மேபர்ன், மெரிட், வெய்ட்ஸ் ஆகியோருடையவை. தலைவர் தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. இதனைச் சோர்வு என்பாரும் உளர். அத்தட்டைச் செவிகொடுத்துக் கேட்பவர் அங்ஙனம் கூறார்.

முதலாவதாகிய காப்ரா பிளாக், ஹார்ப்பருடையது. ஊது வாத்தியங்கள் யாவும் ஒரு குரலாய்க் கூடி, மெல்லப் படியேறும் ஊர்வலம் போல் அதனைத் தொடங்குகின்றன. அடியில் நிலைத்து நிற்கும் சுரவரிசை மோடல் முறையைச் சேர்ந்தது. அதன்மேல் எழும் மோர்கனின் தனிவாசிப்போ பழைய ஹார்ட் பாப் வீரருடையது. ஆனால் முன்னாளைய துள்ளலும் குறும்பும் குறைந்து, ஒரு சொல்லைப் பலமுறை எண்ணிப் பின் உரைப்பவர் போல ஊதுகின்றார். இரண்டாவது மேபர்ன் இயற்றியது. நீ எத்திசை நோக்கிச் செல்கின்றாய் என்பது அதன் தலைப்பு. இங்கே மின்சாரப் பியானோ ஒலிக்கின்றது. மைல்ஸ் டேவிஸ் 1969, 1970ஆம் ஆண்டுகளில் மின்சார வாத்தியங்களையும் இளைஞர் விரும்பும் ராக் தாளத்தையும் ஜாஸுடன் கலந்ததிலிருந்து பியூஷன் என்றொரு புதுமுறை தோன்றி, பழையன கழிந்தன என்றும் ஜாஸ் அழிந்தது என்றும் இருசாரார் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மேபர்ன் தம் தலைப்பை அவ்வாதத்திற்கென இட்டாரோ அல்லரோ, வினா எல்லார்க்கும் பொருந்துவதாயிற்று. மோர்கனோ எச்சாராரிலும் சேரவில்லை. பதினாறு நிமிஷம் அப்புதுத் தாளத்தின்மீது தம் பழைய குரலிலேயே பேசுகின்றார். ஒட்டுவேலை தெரியாதபடி மூன்று முறைகளும் ஒருவர் வாயில் ஒரே மொழியாதல் இத்தட்டின் தனிச்சிறப்பு.

மெரிட் இயற்றிய ஏஞ்சலா, அக்காலத்திற் சிறையில் இருந்த ஏஞ்சலா டேவிஸ் என்னும் கருநிறப் பேராசிரியைக்கு உரியது. ஹார்ப்பரின் மற்றோர் உருப்படி இனிய மூன்றடித் தாள நடையில் அமைந்தது. தட்டில் இளைப்பாறும் இடம் அதுவே. வெய்ட்ஸ் இயற்றிய இறுதி உருப்படியிற் கட்டுக்கோப்பு பெரும்பாலும் நெகிழ்ந்துவிடுகின்றது. பதினேழு நிமிஷம் வாத்தியங்கள் இருட்டில் ஒன்றையொன்று தேடுகின்றன. என் செவி அதற்கு இன்னும் பக்குவப்படவில்லை. எனினும் விளம்பரக்காரர் விரும்பும் துள்ளலிசையை இயற்றியவர், வாங்குவோர் இரார் என்று தெரிந்தும் ஒரு பக்கம் முழுவதும் அதற்கு இடந்தந்தார் என்பதை மதிக்கின்றேன். இரு வாரம் கழித்து, பாபி ஹம்ப்ரியின் முதல் தட்டு பதிவானபோது, மோர்கன் அப்பெண்ணுக்குத் துணைவாத்தியக்காரராகச் சென்று ஊதினார். அங்கே வாசித்தவற்றுள் அவருடைய சைட்விண்டரும் ஒன்று.

1972ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நியூயார்க் நகரின் கீழ்ப்பகுதியில் மூன்றாம் கிழக்குத் தெருவிலுள்ள ஸ்லக்ஸ் என்னும் மதுச்சாலையில் அவருடைய கோஷ்டி வாசித்து வந்தது. மேபர்ன், ஹார்ப்பர், மெரிட், வெய்ட்ஸ் என, தட்டிற் கண்டவர்களே உடனிருந்தனர். மோர்கனுக்கு வேறொரு பெண்ணின் நட்பு வாய்த்திருந்தது; ஹெலன் அதனால் நெடுநாள் மனம் நொந்திருந்தார். 18ஆந் தேதி இரவு கடும்பனி. ஹெலன் அங்கு வந்தார், சொல் வளர்ந்தது, அவர் வெளியே தள்ளப்பட்டார். பிற்காலத்தில் தாமே கூறியபடி, மேற்சட்டையின்றி அக்குளிரில் நின்றார். தற்காப்புக்கென வைத்திருந்த கைத்துப்பாக்கி அவர் பையில் இருந்தது. மீண்டும் உள்ளே வந்து சுட்டார். உறைபனியால் ஆம்புலன்ஸ் வண்டி வந்து சேரத் தாமதமாயிற்று. 19ஆந் தேதி அதிகாலையில் இரத்தப்போக்கால் மோர்கன் இறந்தார். ஒரு குண்டே பட்டது என்றும், வண்டி காலத்தில் வந்திருப்பின் பிழைத்திருப்பார் என்றும் அவர் நண்பர்கள் நெடுநாள் சொல்லி வருந்தினர்.

இரட்டைத்தட்டு அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதற்குத் தலைப்பிடுவாரின்றி, லீ மோர்கன் என்று அவர் பெயரே இடப்பட்டது. கடைசிப் பதிவு என்னும் பெயர் பல ஆண்டு கழித்து மறுபதிப்பில் வந்தது.

ஹெலன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில காலம் சிறையிருந்து விடுதலை பெற்றார். பின்னர் வட கரோலினாவில் வில்மிங்டன் நகருக்குத் திரும்பி, தாயைப் பேணியும் தேவாலயப் பணியில் ஈடுபட்டும் வாழ்ந்தார். முதியோர்க்கான வகுப்பொன்றிற் பாடங் கேட்கப் போனபோது, ஜாஸில் ஈடுபாடுடைய அவ்வகுப்பாசிரியர் அவரை இன்னாரென அறிந்துகொண்டார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், தம் வீட்டில் அமர்ந்து, நடந்தனவற்றை அவ்வாசிரியரின் ஒலிநாடாவிற் கூறினார். மறுமாதம் இறந்தார். 2016இல் சுவீடன் தேசத்தார் ஒருவர் அந்நாடாவை அடிப்படையாகக்கொண்டு திரைப்படம் ஒன்று எடுத்தார். லீ என்னும் பெயர் ஹெலனுக்குப் பிடிப்பதில்லையாம். தம் வீட்டில் அவர் இருந்த நாளிலும், அவர் இறந்து இருபத்துநான்கு ஆண்டு கழித்து அந்நாடாவிற் பேசிய நாளிலும், மோர்கன் என்றே அவரைக் குறிப்பிட்டார்.